மறிக்கும் கைகள்

மருந்துக்கடையில் யாரோ திறந்துபார்த்த யூகலிப்டஸ் தைலத்தின் மணம், இத்தாலியில் நாங்கள் இருந்த நகரின் லிபெர்த்தா வீதியில் இப்போது விடுதியாகிவிட்ட அந்த வீட்டின் பின்னறைக்கு என்னை இழுத்துப்போனது. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். அம்மா பராமரித்த கிழவர் சிஞ்ஞோர் நீனோ, வீங்கிய முழங்கால்களில் அம்மா தைலம் தேய்க்கத் தேய்க்க, 1950களில் மெல்பர்னுக்குப் பிழைக்கப் போனதையும், முட்டைவடிவப் பந்தால் ஆடும் அந்த நாட்டு உதைபந்தாட்டத்தில் தடுப்பாளராக நின்றதையும், முழங்கால் முறிந்ததும் அணி தன்னைக் கைவிட்டதையும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"எத்தினை கோல் அடிச்சவராம் எண்டு கேள் பிள்ளை" என்றார் அம்மா ஒருநாள். நான் இத்தாலிய மொழியில் கேட்டேன்.

"ஒன்றுகூட இல்லை. வருகிறவனை மறிப்பதுதான் என் வேலை" என்றார் அவர்.

கடைசிக் குளிர்காலத்தில் எங்கள் பெயர்களே அவருக்கு மறந்துபோயின. ஆனாலும் அம்மா வீட்டுக்குப் புறப்படக் கைப்பையை எடுத்தால், கட்டிலில் நிமிர்ந்து இரு கைகளையும் அகல விரித்து மறிப்பார். "கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்று அம்மா மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

ஒரு மாலை அம்மா பையை எடுத்தபோது அந்தக் கைகள் போர்வைமேல் அப்படியே கிடந்தன. கண்கள் மட்டும் எங்களைப் பார்த்தன.

"போட்டு வாறன்" என்றார் அம்மா. யாரும் மறிக்காத அந்த வாசலைத் தாண்ட அவருக்குக் கால் எழவில்லை.