புதுச்சத்திரத்தில் ஒரு நாட்டுத் திராட்சை

புதுச்சத்திரத்தில் என் கார் கொதித்து நின்றுவிடுகிறது. உச்சி வெயில். மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். எனக்குக் காரைப் பற்றிக் கவலையில்லை. பின் இருக்கையில் இருக்கும் பாட்டிலைப் பற்றித்தான். இத்தாலியிலிருந்து என் மகள் சுமந்து வந்த சிவப்பு ஒயின் அது. நாமக்கல்லில் என் மச்சானுக்கு இன்று அறுபதாம் பிறந்தநாள். அவருக்கான பரிசு. சூடு பட்டால் கெட்டுவிடும் என்று மகள் நூறு முறை சொல்லியனுப்பியிருக்கிறாள்.

சாலையோரக் கடையில் ஓர் அக்கா முட்டை அவித்துக்கொண்டிருக்கிறார். அருகில் சோடா வைக்கும் ஐஸ்பெட்டி. மச்சானுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லிப் பாட்டிலை நீட்டி, கொஞ்ச நேரம் உள்ளே வைக்க முடியுமா என்று கேட்கிறேன்.

"சரக்குங்களா? அதெல்லாம் நம்ம கடையில ஆகாதுங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"கண்ட சரக்கு இல்லைங்க. இத்தாலியில, அந்த ஊர் மண்ணுலயே காலங்காலமா விளையற திராட்சையில செஞ்சது."

"ஏனுங்க, நாட்டுத் திராட்சைங்களா?"

"ஆமாங்க."

"அத மொதல்லயே சொல்லோணுமுல்லங்க!"

சோடாக்களை ஒதுக்கிவிட்டு, ஒயினைப் பச்சைக் குழந்தையைப் போலப் படுக்க வைக்கிறார்.

ஒருவழியாகக் கார் சரியாகிறது. விடைபெறப் போனால், குளிர்ந்த பாட்டிலோடு ஒரு பொட்டலத்தையும் கையில் திணிக்கிறார். உள்ளே நான்கு அவித்த முட்டைகள், பழுப்பு ஓட்டோடு.

"எங்கூட்டு நாட்டுக்கோழி முட்டைங்க. குடிக்கையில இதக் கடிச்சுக்கச் சொல்லுங்க சாமி. பண்ணை முட்டையத் தின்னு அந்த நாட்டுத் திராட்சையோட மருவாதியக் கெடுத்துறப் போறாங்க."