துரையின் குதிரை சுவரைத் தாண்டியது

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய துரையின் குதிரைக்காரனாக நான் நாலு வருஷம் இருந்தேன். துரையிடம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த பழுப்புப் பெண்குதிரை ஒன்று இருந்தது. வேலி, கம்பு, குழி எல்லாவற்றையும் தாண்டும். பலகையில் செய்து வெள்ளையடித்த சுவரைக் கண்டால் மட்டும் நின்றுவிடும்.

ஈப்போவில் நடந்த தாண்டும் போட்டியில் அந்தச் சுவருக்கு முன்னால் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை துரை அதன் கழுத்துக்கு மேலாகப் போய்ப் புல்லில் விழுந்தார். மற்றத் தோட்டத்துத் துரைமார் சிரித்தார்கள். அவரும் எழுந்து சிரித்தார். தோட்டத்துக்குத் திரும்பியதும் லாயத்துக்குப் பின்னால் அதே மாதிரி ஒரு சுவர் செய்யச் சொன்னார். என் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்தார்.

"நீ பின்னால நில்லு. குதிரை நின்னா அடி."

துரை ஏறி ஓட்டினார், அது நின்றது, நான் அடித்தேன். பத்து நாளைக்கு மேல் இப்படி நடந்தது. சுவரைத் தாண்டவில்லை. நான் லாயத்துக்குள் போனால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. அதுவரை என் சட்டைப் பையை முகர்ந்து பார்க்கிற குதிரை அது. எனக்கு வருத்தமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடிப்பதை நான் நிறுத்தவில்லை.

பிறகு துரை ஈப்போவிலிருந்து ஒரு பஞ்சாபிக்காரரை வரவழைத்தார். பட்டாளத்தில் குதிரைப் படையில் இருந்துவிட்டு வந்தவர். பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற வேலை. என் வயதுதான் இருக்கும். தோட்டத்தில் பஞ்சாபிக்காரர்களைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டோம்.

வந்ததும் அவர் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தார். கடிவாளம் அழுத்தி இரண்டு ஓரமும் புண்ணாகியிருந்தது. பின்பக்கம் போய்த் தழும்புகளைத் தடவினார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான், பாய்."

துரை சொல்லித்தான் என்று சேர்த்திருக்கலாம். சொல்லவில்லை. அவர் கொள்ளு வாளியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே தீனியை அந்தச் சுவர்கிட்ட வை. வேற எங்கயும் வைக்காதே. நீயே வைக்கணும்."

இரண்டு வாரம் அதன் முதுகில் யாரும் ஏறவில்லை. நான் தினமும் கொள்ளு வாளியைச் சுவரடியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். முதல் நாள் அது கிட்டவே வரவில்லை. மூன்றாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. பிறகு சுவர்மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. என்னிடம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. விளக்குமாற்றோடு நான் உள்ளே போனால்கூட நடுங்கியது. அதை வெளியே கட்டிவிட்டுத்தான் லாயத்தைக் கூட்டுவேன்.

அதற்கப்புறம் பாய் ஏறினார். முதலில் தரையில் கிடந்த கம்புகளுக்கு மேல் நடை. பிறகு பாதியாக இறக்கிய சுவர். ஒரு நாள் சாயங்காலம் முழு உயரம். ஒரு சத்தமும் போடாமல் தாண்டிவிட்டு வந்தது. துரை மண் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏறுனா போகுது. நான் ஏறுனா மட்டும் ஏன் நிக்குது?" என்று மலாயில் கேட்டார்.

பாய் கீழே இறங்கினார். "குதிரைகிட்ட ஒரு குறையும் இல்லை, துவான். சுவர் கிட்ட வந்ததும் துவான் பயப்படுறீங்க. கை இறுகுது. வாய் வலிக்குது. அது நிக்குது."

துரையின் முகம் சிவந்துவிட்டது. அவரிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. திரும்பிப் பங்களாவுக்குப் போனார். ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பாயை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். எட்டாம் நாள் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன செய்யணும்?"

பாய் கடிவாள வாரைக் கழற்றி எடுத்துவிட்டார். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் பட்டையைக் கட்டினார். நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் நிற்க, துரை குதிரைமேல் இரண்டு கையையும் விரித்தபடி வட்டமாகச் சுற்றி வரவேண்டும். வழியில் வைத்த கம்பைத் தாண்டும்போது மட்டும் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் நாள் இரண்டு தடவை விழுந்தார். புல்வெட்டுக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள்.

"துரைக்கு என்னாச்சு? ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுப் போறாரே."

"குதிரை ஏறப் படிக்கிறாரு."

"இத்தனை வருஷம் ஏறுனாரே, அது என்னலா?"



ஒரு நாள் முடிந்ததும் துரை என் பக்கத்தில் வந்து நின்றார். தமிழில்தான் கேட்டார்.

"என் பேரைச் சொல்லாம நீயே அடிச்சேன்னு அந்தப் பாய்கிட்ட சொன்னியா?"

"ஆமாங்க துரை."

"சரி" என்றார். மறுநாள் வாளியை அவரே சுவரடிக்கு எடுத்துப் போனார்.

அடுத்த போட்டிக்கு முந்தின நாள் குதிரையை ஈப்போவுக்கு நடத்திக்கொண்டு போனேன். மறுநாள் காலை வேலி ஓரமாக நானும் பாயும் நின்றோம். சுவர் ஐந்தாவது தடை. அதைப் பார்த்ததும் குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. துரையின் வலது கை இறுக ஆரம்பித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாய் வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு அந்த விரல்கள் விரிந்தன. துரை பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டார். குதிரை சுவருக்கு மேலே நிறைய இடம் விட்டுத் தாண்டியது. ஆனால் கடைசித் தடையில் கம்பைப் பின்காலால் தட்டிவிட்டது. மூன்றாம் இடம் கிடைத்தது.

இறங்கியதும் துரை பாய்க்குக் கை கொடுத்தார். என்னிடம், "தண்ணி காட்டு" என்றார். பாய்க்கு வேறொரு லாயத்தில் வேலை காத்திருந்தது. "வாயைப் பார்த்துக்கோ, புண்ணு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். நான் குதிரையை நிழலுக்குக் கொண்டுபோனேன். அது வாளித் தண்ணீரில் பாதியைக் குடித்தது, மீதியில் மூக்கை விட்டு என்மேல் தெளித்தது.