ஸ்பீக்கருக்காகப் பூட்டிய கதவு

வெள்ளவத்தையில் கடல் பார்த்த வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் என் மனைவி. நாலாம் மாடியில் வாங்கினோம். வாங்கி ஆறு வருடமாக கடல் பக்கப் பல்கணிக் கதவைத் திறக்க விடாதவன் நான். காரணம் ஒரு சோடி ஸ்பீக்கர்.

வழக்கமான பெட்டி ஸ்பீக்கர் இல்லை. ஆள் உயரத்தில், கழற்றி வைத்த கதவு போலத் தட்டையாக நிற்பவை. துணிக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று மின்னேற்றத்தோடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அது அதிர்ந்தால் பாட்டு. தன் நாட்டுக்குத் திரும்பிப்போகவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியபோதே அவற்றுக்கு இருபது வயதுக்கு மேல். இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்டேன். ஈரமும் தூசியும் படாமல் பார்த்துக்கொண்டால் நம் இருவரையும் விட அதிக காலம் இருக்கும் என்றார். எனக்கு ஈரம் என்ற சொல் மட்டும்தான் காதில் ஏறியது.

வெள்ளவத்தைக் கடற்காற்று சும்மா காற்றா? ஜன்னல் கம்பியைத் தின்னும், பிரிட்ஜின் முதுகைத் தின்னும். குடிவந்த வாரமே கதவுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் சட்டைப்பையில். மனைவிக்கு உடம்பு காரணமில்லாமல் தீயாய் எரிகிற வயது. சமையலைப் பாதியில் விட்டுக் குசினியிலிருந்து வந்து ஃபானுக்குக் கீழே நின்று, "இஞ்சேருங்கோ, ஒரு பத்து நிமிசம் திறவுங்கோவன்" என்பாள்.

"நீர் ஒருக்காத் திறந்தா அதின்ர ஆயுளில ஒரு மாசம் போயிடும்" என்பேன். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் அவற்றைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று, வெள்ளிக்கிழமைதோறும் சாமிப்படத்துக்குக் காட்டிய சாம்பிராணியை அப்படியே கொண்டுபோய் ஸ்பீக்கர்களையும் மூன்று முறை சுற்றுவேன். "பெத்த பிள்ளையளுக்குக்கூட நீங்கள் இப்பிடிச் சுத்தேல்ல" என்று மனைவி சிரிப்பாள்.

இந்த வருடம் இடப்பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் மெலிந்தது. பிறகு பட் பட் என்று வெடித்தது. பிறகு ஊமையாகிவிட்டது. போன மாதம் அவளுடைய தங்கை குடும்பம் வந்திருந்தபோது, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து வைத்தது ஞாபகம் வந்தது. "உம்மட காத்துத்தான் இதைப் பாழாக்கினது" என்று வீடு அதிரக் கத்தினேன். மூன்று நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

நாலாம் நாள், பழைய ரேடியோ, அம்பிளிஃபயர் எல்லாம் திருத்துகிற ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, ஸ்பீக்கரைச் சாய்த்துப் பின் துணியை உரித்தார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய தாள், சட்டியின் அடி போலக் கறுத்துக் கிடந்தது.

"உப்பா?" என்றேன்.

"உப்பு இல்ல சேர். ஆணியில கொஞ்சம் துரு இருக்கு, அவ்வளவுதான். இது புகை." விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "சாம்பிராணி வாசம் அடிக்குது."

அவர் விளக்கினார்: "இதில எந்த நேரமும் கரண்ட் நிக்குது. கிட்ட வாற தூசி, புகை எல்லாத்தையும் இழுக்கும். வெளியில மூடியிருந்த தூசித்தாளும் கிழிஞ்சிருக்கு. கதவைத் திறந்து வச்சிருந்தாலாவது புகை வெளிய போயிருக்கும் சேர். பூட்டின வீட்டில அது எங்க போறது?"

நான் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். சீப்பைத் தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுக்க வைத்துப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தவன். அதே மின்னேற்றத்துக்கு முன்னால் ஆறு வருடம் வாராவாரம் புகையைக் கொண்டுபோய்ப் பிடித்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. மேய்ந்துவிட்டு அடுத்தவள் மேல் பழியும் போட்டிருக்கிறேன்.

"புதுத் தாள் இழுத்துக் கட்டினா இன்னும் இருவது வருசம் போகும். நல்ல சாமான்" என்று சொல்லி, கறுத்த தாள் கட்டியிருந்த பலகையைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் போனார். மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூட்டைக் கழற்றினேன். கதவு முனகித் திறந்தது. காற்று வந்து மேசையிலிருந்த பேப்பரைக் கீழே தள்ளியது. பல்கணியைத் துடைத்து, உட்கார இரண்டு கதிரைகளைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

"வாரும், இப்பிடி இரும். நான் செய்தது பெரிய பிழை" என்றேன். கலியாணம் செய்த நாளிலிருந்து நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து மணி. தலையை வாரிக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு அவள் மேல் வீட்டுக்குப் போவது எனக்குத் தெரியும். டீவி நாடகம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"இண்டைக்கும் நாடகமோ?" என்று கேட்டேன்.

"என்ன நாடகம்? நான் அவையின்ர பல்கணியில இருக்கப் போறனான். அஞ்சு வருசமா அந்த அக்கா எனக்கெண்டு அங்க ஒரு கதிரை போட்டு வச்சிருக்கிறா" என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள்.