காவலுக்கு ஒரு நாற்காலி

கண்ணை மூடாமல் இருந்ததால் மட்டுமே உயிரோடு திரும்பிய ஒருவரிடம், கண்ணை மூடினால் நிம்மதி கிடைக்கும் என்று சொன்னால் அவர் அதை எப்படி நம்புவார்? லிப்ட்காரரின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். அவர் மனைவிக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது: அவர் நம்புகிறார் என்பதை அவள் எப்படி நம்புவது?

ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருந்தவர். இப்போது ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்கிறார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில்தான் வினை. ஒரு நாள் காலை, டீ ஆறுகிறதே என்று தோளைத் தொட்டு எழுப்பியவளின் கழுத்தை அவர் கை பிடித்தது. கண் திறந்துதான் இருந்தது. எதிரே இருப்பது யார் என்று தெரியவில்லை. தெரிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அன்றே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஆஸ்பத்திரியில சொன்ன தியான வகுப்புக்கு ஒழுங்கா போங்க. சரியானா வரேன்."

"சரியாச்சுன்னு யாரு சொல்றது?"

அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பல வருடமாக மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவள் அவள். இனிமேல் தேவையே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் மறுவாரமே தூக்க மாத்திரைச் சீட்டோடு வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து, 'இப்போ பரவாயில்லை' என்ற வார்த்தையே அவளுக்கு ஆகாமல் போய்விட்டது.

வகுப்பில் நடப்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. அவரோடு அங்கே போகும், ராணுவத்தில் ரேடியோ பார்த்த ஒருவர் இருமல் மருந்துக்குக் கடைக்கு வந்தபோது சொன்னார்; அவரை எல்லோரும் 'சிக்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முதல் நாளே சண்டைம்மா. சொல்லிக் குடுக்கிற மேடம் நாற்காலியெல்லாம் அழகா வட்டமா போட்டு வச்சிருந்தாங்க. நாங்க எட்டுப் பேரும் இழுத்துட்டுப் போய் சுவரோட ஒட்டிப் போட்டுக்கிட்டோம். முதுகுக்குப் பின்னாடி யாரும் வரக்கூடாதுல்ல. மூலை நாலுதானே? அதுக்கு அடிதடி."

"அப்புறம்?"

"கண்ணை மூடுங்கன்னாங்க. ஒருத்தனும் மூடல. எவன் முதல்ல மூடுறான்னு ஒருத்தனை ஒருத்தன் பாத்துட்டு இருக்கோம். மேடம் மட்டும் கண்ணை மூடிட்டு, 'ரொம்ப நல்லா பண்றீங்க'ன்னு பாராட்டிட்டு இருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இவரு எப்படி?"

"அவருக்கென்ன, நல்லா உக்காந்திருக்காரு," என்று சொல்லிவிட்டு இருமினார் சிக்னல். அந்த இருமல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கடையில் சொல்லிவிட்டு, வகுப்பு நடக்கும் கட்டடத்துக்கே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏழு பேர் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். சிக்னலின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கதவை ஒட்டிய நாற்காலியில் அவள் கணவர், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. அவளை உடனே பார்த்துவிட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வாரமா இதைத்தான் பண்றீங்களா? ஊரை ஏமாத்துங்க, என்னை எதுக்கு ஏமாத்துறீங்க?"

பின்னால் வந்த சிக்னல்தான் குறுக்கே விழுந்தார். "திட்டாதம்மா. வெளியே ஒருத்தன் முழிச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்கெல்லாம் தூக்கம் வரும், பட்டாளத்துல அப்படியே பழகிட்டோம். 'கதவை நான் பாத்துக்கிறேன், நீங்க மூடுங்கடா'ன்னாரு. அப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு."

"அப்போ இவரு முறை எப்போ?"

"நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம். மாட்டேங்கிறாரு."

பயிற்சி தரும் பெண் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். "கண்ணைத் திறந்துட்டே மூச்சைக் கவனிக்கலாம்ங்க. அவரு கவனிக்கிறாருன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியாது."

அந்த வகுப்பைப் பற்றி அவள் கேட்டதிலேயே நம்பும்படி இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அதன் பிறகு அவளே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போனபோது அவர் சோபாவில் அயர்ந்திருந்தார். எட்ட நின்று, "என்னங்க," என்றாள். கை சட்டென்று மூடியது. கண் திறந்தது. மூச்சு உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"நீதானா," என்றார்.

அவள் சோதிக்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தே செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிப் பார்த்துக்கொண்டே போனால், இந்த ஜென்மத்தில் அண்ணன் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

"அடுத்த வாரம் வந்துடுறேன்," என்றாள்.

பையோடு வந்தபோது படுக்கையறைக் கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. துளை போட்ட மரத்தூள் இன்னும் தரையில் கிடந்தது. அவருடைய தலையணையும் போர்வையும் ஹால் சோபாவுக்குப் போயிருந்தன.

"இது எதுக்கு? நான் நம்பித்தானே வந்திருக்கேன்?"

அவர் தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அவள் ஒற்றை விரலால் தள்ளினாலும் நகரும்வரை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு மரத்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே போனார். தன் கையைத் தானே நம்பவில்லை என்று அன்றும் சொல்லவில்லை, அவள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகும் சொல்லவில்லை.