யூலாலி இறக்கிய ஒயின்

யூலாலி கரிச்சுரங்கத்துக்காரர் வீட்டுப் பெண். அப்பா தெகாஸ்வீல் சுரங்கத்திலிருந்து மேலே வந்தால், முகம் கழுவுவதற்கு முன்பே மேஜையில் குடல்கறி இருக்க வேண்டும், பக்கத்தில் மர்சியாக் சிவப்பு ஒயின் இருக்க வேண்டும். வெறும் வாயில் ஒயின் குடிப்பவனை அவர் மதிக்கமாட்டார். கல்யாணமாகி மர்சியாக் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகும் யூலாலி அந்த வீட்டுப் பெண்ணாகவே இருந்தாள். கணவன் ஃபிர்மன் நிலவறையில் பீப்பாயிலிருந்து கொஞ்சம் பிடித்து நீட்டினால், "முதல்ல ரொட்டியும் கொழுப்பும் கொண்டா, அப்புறம் சொல்றேன்" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே போய் உப்புப் பன்றிக்கொழுப்பு ஒரு துண்டு வெட்டி வருவான்.

ஃபிர்மன் இறந்தது ஆகஸ்டில், திராட்சைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தபோது. அந்த வருட அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் கேட்காமலே வந்து பறித்துக் கொடுத்தார்கள். செம்மண் சரிவில் படிப்படியாக ஏறும் தோட்டம் அது. இயந்திரம் ஏறாது, கூடையை முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். முதல் வருடம் இரக்கப்பட்டு வருவார்கள், அடுத்த வருடம் ஒயின் நன்றாக இருந்தால்தான் வருவார்கள். ஆள் வராவிட்டால் தோட்டம் கையை விட்டுப் போய்விடும். இது யூலாலிக்குத் தெரியும். அவளே திராட்சையை மிதித்தாள், தொட்டியில் நொதித்துக்கொண்டிருந்த ஒயினை மற்றவர்களுக்குச் சில நாள் முன்பே அவளே திறந்து பீப்பாயில் இறக்கினாள். "இவ்வளவு சீக்கிரமா இறக்குற?" என்று கேட்டவர்களிடம், "என் மூக்கு போதும்னு சொல்லுது" என்று முடித்துக்கொண்டாள்.

புது ஒயினைப் பார்க்கும் ஞாயிறு பிப்ரவரியில் வந்தது. ஆண்கள் நிலவறையில் நின்றபடியே, வெறும் வாயில் சுவைத்துத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். கிழவர் மர்சியால் தன் சொந்தக் கிளாஸோடு வந்து நிலவறைக் கதவைத் தட்டினார். அவர் தலையசைத்தால் பள்ளத்தாக்கே தலையசைக்கும். கூடவே பக்கத்துத் தோட்டத்து பசீல். யூலாலி வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"சாவி எங்கம்மா?"

"என் இடுப்புல. அங்கயே இருக்கட்டும். நீங்க வீட்டுக்குள்ள வாங்கண்ணே, சாப்பிடலாம்."

"ஒயின் பார்க்க வந்தோம். ஒளிக்கிற மாதிரி ஏதாவது ஆயிருச்சா?"

"ஒளிக்கிறது நீங்கதான், உங்க பசிய. முட்டைக்கோஸ் கொதிக்கிற வாசனைக்கு உங்க மூக்கு அப்பவே உள்ள போயிருச்சு."

பசீல் சிரித்தான். "கரிக்காரர் மகள்கிட்ட வாய் கொடுக்காதீங்கண்ணே. அவங்கப்பா வெடி வச்சுப் பாறைய உடைச்சவரு."

மேஜையில் சூப் ஆவி பறந்தது. முட்டைக்கோஸ், வெள்ளை பீன்ஸ், உப்புப் பன்றிக்கறி, அடியில் பழைய ரொட்டி. நடுவில் பாட்டில். கிளாஸ் ஒன்றுகூட இல்லை. மர்சியால் தன் கிளாஸை எடுத்து வைத்தார். போகிற போக்கில் யூலாலி அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

சூப் கடைசி இரண்டு கரண்டிக்கு வந்தது. இந்தப் பக்கத்து வழக்கப்படி, மிச்சமிருக்கும் சூப்பின் சூட்டிலேயே சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்க வேண்டிய நேரம். வீட்டுக்காரன் முதலில் ஊற்றுவான், பிறகுதான் மற்றவர்கள். இரண்டு பேரும் கரண்டியை வைத்துவிட்டு ஃபிர்மனின் நாற்காலியைப் பார்த்தார்கள். இந்த வீடுகளில் பெண்கள் அப்படிக் குடிப்பதில்லை.

யூலாலி பாட்டிலை எடுத்துத் தன் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒரு சுழற்று சுழற்றினாள். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். கொழுப்பு பட்டதும் ஒயினின் கூர்மை மழுங்கி, மிளகும் கறுப்புப் பழமும் சேர்ந்த வாசனை எழுந்தது. அவள் நினைத்த மாதிரியே வந்திருந்தது. கிண்ணம் முகத்தை மறைத்திருந்ததால் அவள் கண்களை யாரும் பார்க்கவில்லை. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

பசீல் உடனே ஊற்றிக்கொண்டான். மர்சியால் ஊற்றவில்லை.

"ஒரு பொம்பளை முதல்ல ஊத்தி நான் பார்த்ததில்ல."

"நானும் பார்த்ததில்லண்ணே. இன்னைக்கு ரெண்டு பேருமே பார்த்துட்டோம். சூப் ஆறுது."

அவர் ஊற்றினார். குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"முரடா இருக்கு."

"நானும்தான்."

குடல்கறி வந்தது. கூடவே உருளைக்கிழங்கும் இளம் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிண்டி, கரண்டியைத் தூக்கினால் நூலாக நீளும் அலிகோ. இப்போதுதான் யூலாலி கிளாஸ்களை எடுத்து வைத்தாள். மர்சியால் ஒரு வாய் தின்றார், ஒரு வாய் குடித்தார். மறுபடி தின்றார். பாட்டிலைத் தானே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஃபிர்மனா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் தொட்டியில விட்டிருப்பான்."

"விட்டிருப்பான். அது அவன் ஒயின்."

கிளம்பும்போது கிழவர் வாசலில் நின்று சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"செப்டம்பர்ல மேல் வரிசைக்குக் கூடை தூக்க ஆள் இருக்கா?"

"நீங்க இருக்கீங்களே."

"என் முதுகு போச்சு. பையன்க ரெண்டு பேரையும் அனுப்புறேன். மத்தவங்ககிட்டயும் சொல்லி வைக்கிறேன். ஆனா மத்தியானம் இதே குடல்கறிதான் வேணும்."

"அப்ப ஒயினும் இதேதான்."

அவர்கள் போன பிறகு யூலாலி ஃபிர்மனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாட்டிலில் அரைக் கிளாஸ் மிச்சமிருந்தது. அதற்குத் துணையாக, அடியில் ஒட்டியிருந்த அலிகோவைப் பானையிலிருந்தே சுரண்டிச் சாப்பிட்டாள்.