பெரட்டில் ஒரு மூச்சு இடைவெளி

புதன்கிழமை, பகல் இரண்டு மணி. தோக்கியோ மணிதான், ஜப்பான்காரன் வந்ததும் நம் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடிவிட்டன. ஜோகூர் பாருவிலிருந்து உலு திராம் பன்னிரண்டு மைல். கரியில் ஓடும் லாரிக்கு, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் மூன்று வெள்ளி. மடியில், பள்ளித் தோழர்கள் சேர்த்துக் கொடுத்த உப்பு மூட்டை. தனியாக வந்து சேர்ந்த பிள்ளைகள் தாங்களே ஒரு தோட்டத்தில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு, மூடிய பள்ளியை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியுமா?

பாதி வழியில் ஒரு மேட்டில் லாரி நின்றுவிட்டது.

"எறங்கித் தள்ளுங்க தம்பி. மூணு வெள்ளி ஒக்கார்றதுக்குத்தான், மேடு ஏறுறதுக்கு இல்ல லா," என்றார் ஓட்டுநர்.

மாலை ஐந்து மணி. ரப்பர் பால் காயவைத்த பழைய புகைக்கூடம்தான் அவர்கள் வீடு. பதினொரு பேர். குண்டுவீச்சில் பெற்றோரை இழந்தவர்கள், சயாம் ரயில் வேலைக்கு அப்பாவைப் பறிகொடுத்தவர்கள். மூத்தவள் ஆரோக்கியம், வயது பதினேழு. மற்றவர்களுக்கு அவள் 'கங்காணியம்மா'.

சாலையோரத்தில் ஒரு சிறுமி, நான் இறங்கிய லாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"வந்து மூணு மாசமாச்சு. வாயே தொறக்கல," என்றாள் ஆரோக்கியம். "எல்லா லாரியிலயும் அம்மாவத் தேடுறா. ஒருநாள் ஏறிப் போயிருவாளோன்னு பயமா இருக்கு."

"என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க?"

"கூப்பிடறதில்ல. அவளுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல? நாம எதுக்கு வேற வைக்கணும்?"

வியாழன், காலை ஏழரை. வானத்துக்கு இன்னும் ஆறு மணி. தகர டின்னைத் தட்டினார்கள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அதே பெரட்டு! பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரவு தூங்கினோமா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். தூங்காதவரைத் தூங்கியவரோடு ஜோடி சேர்த்துத்தான் மரவள்ளிக் காட்டுக்கு அனுப்புவாள் ஆரோக்கியம். தூங்காத ஆள் தனியாக மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்பது சட்டம்.

தன் பெயரையும் தானே கூப்பிட்டுக்கொண்டதோடு பத்துப் பெயர்கள் முடிந்தன. ஆரோக்கியம் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நின்றாள். எண்ணிக்கொண்டே வந்த நான் அவசரக் குடுக்கையாகக் கத்திவிட்டேன்:

"ஒருத்தர மறந்துட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மறக்கல," என்றது ஒரு கரகரத்த குரல். அந்தச் சிறுமி! கோபமாக என்னை முறைத்தாள். "அது என் எடம். தெனமும் எனக்காகத்தான் நிக்கிறாங்க."

ஆரோக்கியம் டின்னைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"பேரு?"

"ராசாத்தி."

"ராசாத்தி! தூங்கினியா?"

"தூங்கல. இந்தண்ணன் விட்ட கொறட்டையில எவன் தூங்குவான்?"

புகைக்கூடமே அதிர்ந்தது. சிரித்தார்கள், டின்னை அடித்தார்கள், ஒருவன் குட்டிக்கரணமே போட்டான்.

"அப்ப தூங்கின ஆளு இவருதான். இவரு கூடவே போய்க் களை எடு!" என்றாள் ஆரோக்கியம்.

எடுத்தோம். நான் பிடுங்கிய முதல் களை மரவள்ளிக் கன்று. "பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள் ராசாத்தி. மூன்று மாதப் பேச்சு பாக்கி இருந்தது போலும், மதியம்வரை ஓயவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பும் லாரி வந்தது. ராசாத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மா இல்லை. அவள் ஏறவும் இல்லை. நான்தான் ஏறினேன்.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். இரவு தூங்கினாயா என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை. நாளைக் காலை கேட்கப் போகிறேன். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தோட்டத்தைத் தாண்டுமுன் வந்த முதல் மேட்டிலேயே லாரி நின்றுவிட்டது. பதினொரு பேரும் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். ஆரோக்கியம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பெயருக்கு ஒரு தள்ளு. பத்துத் தள்ளிலும் லாரி அசைந்துகொண்டே இருந்ததே தவிர ஏறவில்லை.

"ராசாத்தி!"

"இருக்கேன்!"

ஏறிவிட்டது.