எஸ்தர் கண்ட மகிமை

திருச்சுழிக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. சாமுவேல் அதில் வேலை பார்த்தார். போன பங்குனியில் ஒரு மத்தியானம் திடீரென்று வானம் கறுத்தது. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"மின்னுது அண்ணாச்சி. செத்த பொறுத்துப் போறேன்" என்றார்.

"மொளகா நனைஞ்சிரும்யா. இப்பவே போயி மூடு" என்று விரட்டினேன்.

தார்ப்பாயை இழுத்து மூடும்போது இடி விழுந்து, அங்கேயே இறந்துபோனார். நான் சொல்லவில்லை, அவராகத்தான் மிளகாயை மூடப் போனார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் என்னால் தூங்க முடியவில்லை. அவர் மனைவி எஸ்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய சர்ச்சுக்குப் போனேன். வேறு சாமி கும்பிடுகிறவன் என்பதால் வாசலிலேயே நின்றேன்.

ஆராதனை நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலில் பாட்டு அமுங்கியது. பளீரென்று ஒரு மின்னல் வெட்டியதும் எல்லோரும் திடுக்கிட்டு நின்றார்கள். எஸ்தர் மட்டும் சன்னல் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"ஒங்க மகிமையப் பாக்குறேன் ஆண்டவரே" என்று அழுதார்.

அவர் வெளியே வந்ததும், "மின்னுதுன்னு சொன்னாரும்மா. நாந்தான் வெரட்டுனேன்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. கெளம்பும்போது அவுக எனக்குப் போன் பண்ணுனாக" என்றார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒங்களுக்காகவும் ஜெபம் பண்ணத்தான் பாக்குறேன். சில நாளு வாய் வரமாட்டேங்குது."

இந்த வருடம் நல்ல மழை. ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறது. என்னால் மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.